வருடம் திரும்புமுன் புகுந்த வீடு

நண்பனே,

இன்று காலை பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய பேருந்து சாலையோரம் நின்று உறுமிக்கொண்டிருந்தது. அந்த டீசல் வாடை மூக்கில் ஏறியதும் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். நீ இல்லை. எதிரே ஒரு சேலைக் கடைப் பலகை இருந்தது. நின்று, எழுத்துக் கூட்டி, 'புதிய சேலைகள் வந்துள்ளன' என்று படித்தேன். சேலை எனக்கு எதற்கு? ஆனாலும் மறுபடியும் ஒருமுறை படித்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

கிள்ளானிலிருந்து பந்திங்குக்கு நான் பேருந்து ஓட்ட, நீ டிக்கெட் கொடுத்த காலம் முழுவதும் எனக்கு எழுத்துத் தெரியாது என்பது நம் இருவருக்கு மட்டுமே தெரியும். வழியில் புதிதாக ஏதாவது பலகை வைத்திருந்தால் பின்னாலிருந்து கத்துவாய். "தலைவரே, பாலத்துல வேலை நடக்குதாம், சுத்திப் போகணுமாம். நமக்குன்னு எங்கதான் நேரா ரோடு போட்டிருக்கான்!" பயணிகள் சிரிப்பார்கள். நீ எனக்காகப் படித்துச் சொன்னாய் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, கோவில் ஊர்வலத்தில் தொலைந்த செருப்பைப் பற்றி மைக்கில் நீ அறிவித்ததைக் கேட்டுத்தான் கவிதா உன்னைப் பிடித்தாள். பெரியவர்களுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லித் தரும் செயலி ஒன்றை அவளும் நண்பர்களும் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தார்கள். அதற்கு ஒரு குரல் வேண்டியிருந்தது. நீ கொடுத்தாய். "நீயும் படி தலைவரே" என்றாய். "நீ இருக்கும்போது எனக்கு எதுக்குடா?" என்றேன்.

நீ போன பிறகுதான் படிக்கத் தொடங்கினேன். போனைத் தொட்டால் நீ 'அ' என்பாய், நானும் 'அ' என்பேன். இந்த வயதில் எனக்கு இவ்வளவு சந்தோஷம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

இனி எழுதப்போவதற்குத்தான் கை தயங்குகிறது.

அந்தக் குழுவின் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக்கு மேலே சின்ன அறை. செயலி எப்படி இயங்க வேண்டும் என்று எழுதி வைத்திருப்பதை அவர்கள் நிரல் என்கிறார்கள். அதை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அந்த நிரலும் உன் குரலும் ஒரு பெரிய வெளிநாட்டு நிறுவனத்தின் இணையதளத்தில் இருந்தன. அந்த நிறுவனம், குழுவில் ஒருவரான சேகரின் கணக்கைக் காரணம் சொல்லாமல் பூட்டிவிட்டது. எழுதிக் கேட்டால் இயந்திரம்தான் பதில் போட்டது. ஆகவே, ஆர்வலர்கள் சேர்ந்து நடத்தும் வேறொரு தளத்துக்கு மாறலாமா என்று பேசினார்கள்.

"பெரிய மால்ல இருந்த கடையைக் கம்பத்துக்கு, ஏதோ ஒரு கிராமத்துக்குக் கொண்டு போற மாதிரி லா. யாரு தேடிக்கிட்டு வருவா?" என்றார் ஒருவர்.

"மால்ல நம்ம ஆளையே உள்ள விட மாட்டேங்கிறான். அப்புறம் என்ன மால்?" என்றாள் கவிதா.

கடைசியில் எல்லோரும் மாறுவதற்கு ஒத்துக்கொண்டார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரே ஒருவர் மறுத்தாலும் வேலையை நிறுத்திவிடுவார்கள். "யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்று கவிதா கேட்டாள்.

நான் கையைத் தூக்கினேன்.

"செத்தவன் வருசம் திரும்பாம புது வீடு புகக்கூடாது. அவன் குரல் குடியிருக்கிற இடம்மா அது. காலி பண்ணிட்டுப் போனா அவன் எங்க போவான்?"

ஒருவரும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சேகர்தான் முதலில் பேசினார். கிள்ளானுக்குப் பக்கத்து மேருவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர், அதிகம் பேசாதவர். "பரவால்ல அங்கிள், நான் வெயிட் பண்றேன்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. என் ஒரு சொல்லுக்குப் படித்தவர்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அனைவருக்கும் ஆளுக்கொரு கோப்பை தே தாரேக் வாங்கிக் கொடுத்து, உன் கதைகளாகச் சொல்லித் தள்ளினேன். சேகர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று கேட்கவில்லை.

சில மாதங்கள் போயின. அந்தச் செயலியை வைத்துப் படிக்கும் பெரியவர்கள் எங்களுக்குக் கிள்ளானில் வாரம் ஒருமுறை வகுப்பு. பாடம் நீண்ட சொற்களுக்கு வந்ததும் உன் குரல் ஒவ்வொரு சொல்லின் கடைசியையும் விழுங்கத் தொடங்கியது. 'வாழைப்பழ' என்று நிற்கும், 'மருத்துவம' என்று நிற்கும். என்னோடு படிக்கும் ராணி அக்கா கேட்டார், "என்ன அண்ணே, உங்க கூட்டாளி வாய்க்குள்ளேயே வெச்சு முழுங்குறாரு? பசியா?" வகுப்பே சிரித்தது. பாசார் சந்தை இரைச்சலைத் தாண்டி ஊர்ப்பெயர்களைக் கூவிய உன்னைப் போய் அப்படிச் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? அங்கேயே கவிதாவுக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டேன்.

"யாரும்மா அவன் குரலைக் கெடுத்தது?"

"யாரும் கெடுக்கல அங்கிள். ஒலிப்பதிவைச் சொல் சொல்லா வெட்டும்போதே தப்பா வெட்டியிருக்கு. சேகர் அண்ணன் சரி பண்ணி எப்பவோ ரெடியா வெச்சிட்டாரு. அவர் கணக்கு பூட்டியிருக்கே, அவரால போட முடியல."

"நீ போட வேண்டியதுதானே?"

"அவர் ராத்திரி பகலா செஞ்ச வேலையை என் பேருலயா? அது நல்லா இருக்காதுன்னு எல்லாரும் விட்டுட்டோம். புது இடத்துக்குப் போனதும் அவரே போடட்டும்னு..."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சேகர் அண்ணன்தான் வேணாம்னாரு. கூட்டாளி போன துக்கம், மனசு ஆறட்டும்னாரு."

"சரி, இடம் மாத்தினா அவன் குரல் போயிடாதா?"

"எங்க போகும்? முழுசா ஒரு நகல் என்கிட்ட இருக்கு, சேகர் அண்ணன்கிட்ட இருக்கு. எல்லார்கிட்டயும் இருக்கு அங்கிள். மாத்தப் போறது வாசலை மட்டும்தான்."

போனை வைத்தபோது என் காது சுட்டது. உன்னைக் காப்பதாக நினைத்து உன் வாயைப் பொத்தியவன் நானே. அதோடு, ஒரு மனிதரை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்து, அவருக்கே தேநீர் வாங்கிக் கொடுத்துப் பெருமையடித்திருக்கிறேன். எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த அறையில் எல்லாவற்றையும் என் முன்னால்தான் பேசினார்கள். என் காதில் விழுந்தது 'மாற்றுவது' என்ற ஒரு சொல்தான். நீ எத்தனையோ வருடம் என் மானத்தைக் காத்தாய். நீ போனதும் அதே வேலையை முன்பின் பழகாத ஒருவர் செய்திருக்கிறார். நான் இரண்டு தடவையும் சுகமாக உட்கார்ந்திருந்தேன்.

ஆட்சேபணை சொன்னவரேதான், குழுவினர் இணையத்தில் பேசிக்கொள்ளும் பக்கத்தில் அதைத் திரும்பப் பெற வேண்டும். "நீங்க சொல்லுங்க, நான் டைப் பண்றேன்" என்றாள் கவிதா. வேண்டாம் என்றேன். ஒரு பிற்பகல் முழுவதும் போனோடு உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தேன். 'என் தடையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். சேகர் என்னை மன்னிக்கவும்.' எழுத்துக் கற்று, ஊரார் பார்க்க நான் முதன்முதலில் எழுதியது ஒரு மன்னிப்பு. அனுப்பியதும் எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது. உன் வருடம் இன்னும் திரும்பவில்லை. அதற்கு உன்னிடம் தனியாக மன்னிப்புக் கேட்கிறேன்.

புது இடத்தில் முதலில் நுழைந்தது சேகரின் திருத்தம்தான். மறுநாள் போனைத் தொட்டேன். 'வாழைப்பழம்' என்றாய். 'மருத்துவமனை' என்றாய். ஒவ்வொரு சொல்லையும் அதன் கடைசி ஒலி வரைக்கும் நீயே சொன்னாய். மறுபடியும் தொட்டுக் கேட்டேன்.

இப்போதும் கூட்டங்களுக்குப் போகிறேன். சேகரின் முகத்தைப் பார்க்க இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. அவரோ "சாப்டாச்சா அங்கிள்?" என்று எப்போதும் போலக் கேட்கிறார். அந்தக் கூச்சம் போகட்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. என்னிடமே இருக்கட்டும். கவிதா ஆட்சேபணை உண்டா என்று கேட்பதற்கு முன்னால் நான் எழுந்துவிடுகிறேன்.

"மொதல்ல இதைச் சொல்லுங்க. நம்மாளுங்க யாராச்சும் வெளிய நிக்கிறாங்களா?"

போன வாரம் சேகர்தான் பதில் சொன்னார். "இல்ல அங்கிள். எல்லாரும் உள்ளதான் இருக்கோம். நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தேன்.