உங்கள் பக்கத்துக் கதவின் பட்டை

கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தப் பொட்டலத்தை இன்று மத்தியானம் வெளியே இழுத்தேன். என் பழைய நூல் புடவையில் சுற்றி நாடாவால் கட்டி நீங்கள் வைத்தபடியே இருந்தது. முடிச்சை அவிழ்த்ததும் கிரீஸ் வாசனை வந்தது. உங்கள் சட்டைக் காலரில் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத அதே வாசனை.

நம் காரில் மாட்டாமல் மிச்சமிருந்த ஒரே நிக்கல் பட்டை அது. ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவின் வெளிப்புறத்தில் அழகுக்காக ஓடுவது. "நம்ம பக்கந்தானே, கடைசியா பாத்துக்கலாம்" என்று தள்ளி வைத்தீர்கள். பிறகு திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்கு யாருடைய ஜீப்பிலோ போனீர்கள்.

நாளை கல்லறைத் திருநாள். அடிவாரத்தில் நீங்கள் இருக்கும் இடத்துக்கு இந்தக் காரில்தான் வருவேன் என்று சொல்லிவிட்டேன். போன வாரம் என் தம்பி வந்து என்ஜினை ஓட்டிப் பார்த்தான். நாளை ஓட்டப்போவதும் அவன்தான். "ஒரு பட்ட இல்லன்னா வண்டி ஓடாதாக்கா?" என்று சிரித்தான். ஒரு பொத்தான் அறுந்த சட்டையோடு உங்களை நான் ஒருநாளும் பூசைக்கு அனுப்பியதில்லை. அது அவனுக்குத் தெரியாது.

எழுபத்தாறில் அந்தச் சீமைக் காரை லாரியில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்தபோது அதன் பின்சீட்டில் கோழி அடைந்திருந்தது. வருடக்கணக்கில் தட்டி, ஒட்டி, பெயிண்ட் அடித்தீர்கள். பட்டைகளைத் திரும்ப மாட்டும் வேலை வந்தபோதுதான் என்னைக் கூப்பிட்டீர்கள். வெளியே ஒருவர் பட்டையை நேராகப் பிடித்து அழுத்த வேண்டும். கதவின் உள்ளட்டையைக் கழற்றிவிட்டு, உள்ளே ஒருவர் கையை நுழைத்து, கண்ணுக்குத் தெரியாத திருகில் நட்டு போட வேண்டும். உங்கள் கை நுழையவில்லை. என் கை நுழைந்தது. கான்வென்டில் சிஸ்டர் எங்கள் தையலைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார். அதனால் உள்பக்க வேலை எனக்குப் பிடித்திருந்தது.

தகரத்துக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான். காட்டுக் காற்றில் பேச்சு சரியாகக் கேட்காது. ஒரு தட்டு தட்டினால் பொறு, இரண்டு தட்டினால் முடுக்கு என்று வைத்துக்கொண்டோம். ஒருநாள் இரண்டு தட்டு கேட்டு முடுக்கிவிட்டு வெளியே வந்தால், பட்டை ஒரு பக்கம் தூக்கிய புருவம் மாதிரி நின்றது.

"யார் தட்டச் சொன்னா?" என்றேன்.

"நான் எங்க தட்டினேன்? ஈ அடிச்சேன்."

அத்தனையையும் கழற்றச் சொன்னேன். "இன்னா கான்வென்டு, நம்ம கல்யாண மோதரத்துக்குக்கூட நீ இவ்ளோ அளவு பாக்கலியே" என்று முனகிக்கொண்டே கழற்றினீர்கள். "பாத்திருந்தா கல்யாணமே நடந்திருக்காது" என்றேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த நட்டு புல்லில் விழுந்து, இருவரும் மண்டியிட்டுத் தேடினோம்.

இன்று தனியாகவே முயன்றேன். பட்டையை நாடாவால் கதவோடு கட்டிவிட்டு உள்ளே போய்க் கையை நுழைத்தால், வெளியே அது நழுவுகிறது. ஓடி வந்து சரிசெய்து மறுபடி உள்ளே போனால், மறுபடி நழுவுகிறது. யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அந்த இடத்தில் இன்னொருவர் நிற்பதை நான் விரும்பவில்லை. மூன்றாம் முறை பட்டை தரையில் விழுந்தது. வளைந்திருந்தால் நாளைக்கு வேறு வழியில்லை. எடுத்துத் தடவிப் பார்த்தேன். வளையவில்லை.

வேலிக்கு அப்பால் சாமைக் கதிர் அறுத்துக்கொண்டிருந்த குப்பம்மா, பக்கத்து நிலத்துக்காரி, கதிரரிவாளோடு அப்படியே வந்து நின்றாள்.

"இன்னாம்மா, நானும் பாக்கறேன், உள்ளயும் வெளியவும் ஓடினே கீறீங்க. என்னக் கூப்ட்டா வாயில இருக்கிற முத்து கொட்டிடுமா?"

"கையைக் கழுவிட்டு வா" என்றேன்.

"பாரு, ஒதவிக்கு வந்தவள கை கழுவச் சொல்றத" என்றாள். கழுவிவிட்டு வந்தாள். பட்டையை எங்கே பிடிப்பது, எவ்வளவு அழுத்துவது என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனேன். வேறெதுவும் சொல்லவில்லை. திருகின்மேல் நட்டை வைத்துவிட்டு, பட்டை நேராக இருக்கிறதா என்று கேட்க வாயைத் திறந்தேன்.

ஒரு தட்டு. காத்திருந்தேன். பிறகு இரண்டு தட்டு.

விரல்கள் தாமாகவே முடுக்கின. மீதி நட்டுகளையும் அப்படியே போட்டேன். வெளியே வந்து பார்த்தபோது பட்டை நேராக இருந்தது. தட்டச் சொல்லி உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன்.

"அய்யா தட்றது எங்க வூடு வரிக்கும் கேக்குமே. ஒண்ணு தட்டுனா நீங்க சும்மா கெடப்பீங்க. ரெண்டு தட்டுனா உள்ள கிர்ருகிர்ருனு சத்தம் வரும். இது தெரியாதா?" என்றாள். காபி போடுகிறேன் என்றேன். கதிர் கிடக்கிறது என்று போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் சத்தமே இல்லை. காருக்குள் என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். உங்கள் இடம் காலியாக இருந்தது. உள்ளட்டையை இன்னும் மாட்டாத உங்கள் கதவின் தகரம் எதிரே தெரிந்தது. எட்டி இரண்டு முறை தட்டிப் பார்த்தேன். தட்டிய பிறகுதான் என்ன எதிர்பார்த்தேன் என்று எனக்கே தெரிந்தது.

நாளை மெழுகுவர்த்தி ஏற்றி, பூ வைத்து, எல்லாரும் செய்வதையெல்லாம் செய்வேன். தம்பி வண்டிக்குத் திரும்பியதும், உங்கள் கல்லின்மேல் விரல் மடக்கி ஒரே ஒரு தட்டு தட்டுவேன். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.