பந்து எங்கே விழுந்தது?

என்ரை இஞ்சாருங்கோ,

முப்பத்தெட்டு வருடம் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நீங்களும் என்னை 'இஞ்சாரும்' என்றீர்களே தவிர, வாய் தவறியும் பெயர் சொன்னதில்லை. இப்போது மட்டும் எதற்கு? உங்கள் ஆண்டுத்திவச மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி மகள் மயூரி கேட்டாள். 'அன்பான கணவர், பண்பான தந்தை' என்று எழுதினால் போதுமாம். அதை வாசித்தால் உங்களுக்கே சிரிப்பு வரும். நான் உள்ளதை எழுதப் போகிறேன். ஆட்கள் வாசித்தால் வாசிக்கட்டும்.

தடித்த கறுப்புப் பேனையால் எழுதுகிறேன். ஒரு வரிக்கு நாலு சொல்தான் பிடிக்கிறது. கண் போகுதப்பா. வலது கண் போன பனிக்காலத்தோடு போய்விட்டது. இடது கண்ணின் நடுவில் ஒரு புகைப்பொட்டு. எதை நேரே பார்க்கிறேனோ அதைத்தான் மறைக்கிறது. ஆட்களின் முகம் பார்க்கத் தலையைச் சரிக்க வேண்டியிருக்கிறது. ஆசைப்பட்டுப் பார்க்க ஏதாவது இருந்தால் இந்தக் கோடைக்குள் பார்த்துவிடுங்கள் என்று, கண்ணுக்கு ஊசி போடுகிற டொக்டர் போன மாதம் சொன்னார். அடுத்த கோடை? அதற்கு அவர் அடுத்த ஊசிக்கு நாள் குறித்துத் தந்தார்.

எங்கள் ரொக்ஸ்பரோ வீட்டுக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே முடிவெடுத்தேன். ஸ்கொட்லாந்துக்குப் போகிறேன்.

சிரிக்காதையுங்கோ.

எங்கள் ஸ்கொட்லாந்துச் சண்டையைத் தெரியாத சொந்தக்காரர் இந்த ஊரில் இல்லை. நீங்கள் கோல்ஃப் கிளப்பில் புல் வெட்டப் போன ஆள். திங்கட்கிழமைகளில் கிளப் பூட்டு, அன்றைக்கு வேலையாட்கள் விளையாடலாம் என்று விட்டார்கள். யாரோ கழித்துவிட்ட நாலு தடியோடு தொடங்கினீர்கள். "உங்கட மனிசன் கிழமை முழுக்க வெட்டின புல்லுக்குள்ள திங்கக்கிழமை என்னத்தைத் தேடுறார்?" என்று சனம் என்னைக் கேட்டது. பந்தைத்தான் தேடினீர்கள். ஓங்கி அடிப்பீர்கள், பிறகு நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, "எங்க விழுந்தது?" என்பீர்கள். உங்களுக்குத் தூரப் பார்வை குறைவு. என் கண்ணுக்கு எந்தப் பந்தும் தப்பாது. "அந்த மேப்பிள் மரத்துக்கு இடப்பக்கம், ரெண்டு முழம் தள்ளி" என்பேன். "அடிக்கிறது நான், பாக்கிறது நீர்" என்பீர்கள். எனக்கு விளையாட்டில் ஒரு ஈடுபாடும் இல்லை, நடக்கத்தான் உங்களோடு வந்தேன்.

சண்டையும் அதனால்தான். கோல்ஃப் பிறந்த மண்ணில் ஒரு தரமாவது பந்து அடிக்கவேண்டும் என்பது உங்கள் ஆசை. வாசலில் தொடங்கி மலை ஏறுகிற ஒரு பாதை வேண்டும் என்பது என் ஆசை. இரண்டுக்கும் தோதாகத் தங்க ஓர் ஊர் வேண்டுமே. சென் அன்ட்ரூஸ் என்றீர்கள். கடல் சரி, மலை எங்கே என்றேன். டோர்னொக் என்றீர்கள். வடதுருவத்துக்கா போறம் என்றேன். பிறகு ஒரு நாள் பிட்லொக்ரியைக் கண்டுபிடித்தீர்கள். மலைச்சரிவிலேயே கோல்ஃப் திடல், ஊருக்குள்ளிருந்தே நடைபாதை, லண்டனிலிருந்து நேரே ரயில். உங்கள் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம்.

"கடல் இல்லையே," என்றேன்.

"உமக்கு மலையும் வேணும், கடலும் வேணும். கடவுளிட்டைச் சொல்லி ஓடர் குடுப்பம்," என்றீர்கள். இப்படியே பதினொரு வருடம் போனது.

இப்போது சொல்கிறேன், கேளுங்கோ. மலையும் இல்லை, கடலும் இல்லை, எனக்குப் பயம். வேறொருத்தியின் பாஸ்போட்டோடு இந்த நாட்டுக்கு அகதியாக வந்தபோது மூன்று நாள் விமான நிலையத்தில் ஒரு கதிரையில் என்னை இருத்தி வைத்தார்களே, அதற்குப் பிறகு விமான நிலையம் என்றாலே அந்தக் கதிரைதான் கண்ணுக்குள் நிற்கும். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு குறை சொன்னேன். போன சித்திரையில் நீங்கள் கார் கழுவிக்கொண்டிருந்த இடத்திலேயே விழுந்து போய்விட்டீர்கள். உங்கள் ஆசையைக் கெடுத்தவள் நான்தான். ஏனப்பா ஒரு நாளாவது என்னை அதட்டிக் கேட்கவில்லை? தெரிந்துதான் விட்டீர்களா?

மயூரிக்கு வேலையும், கார்டெரிக் காப்பகத்தில் விடுகிற சின்னப்பிள்ளையும், அவளால் வரமுடியாது. "தனியப் போகேலாதம்மா," என்று ஒற்றைக் காலில் நின்றாள். "கண்தானே போகுது, கால் இருக்கு," என்றேன். லண்டனில் இருக்கும் உங்கள் தங்கச்சி என்னை ரயிலேற்றி விடுகிறேன் என்று சொன்ன பிறகுதான் அடங்கினாள்.

தங்குமிடத்தை நானே பதிவேன் என்று உங்கள் ஐபேட்டை எடுத்தேன். பிரெஞ்சு பழகவேண்டுமென்று நீங்கள் அதைப் பிரெஞ்சுக்கு மாற்றி வைத்தது இன்னும் அப்படியே கிடக்கிறது. மாற்ற மனம் வரவில்லை. ஸ்கொட்லாந்துக்குப் பிரெஞ்சில் 'எக்கோஸ்' என்று நீங்கள்தான் சொல்லித் தந்தீர்கள். தலையைச் சரித்துச் சரித்துத் தேடினேன். இன்வர்னெஸ், எக்கோஸ் என்று ஒன்று வந்தது. கோல்ஃப் இருக்கிறது, மலைப்பாதை இருக்கிறது, கடலும் இருக்கிறது! பதிந்துவிட்டு, கோயிலில் கண்டவர் நின்றவர் எல்லோருக்கும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மயூரி விமான ரிக்கற் போட வந்தாள். ஐபேட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, இது எக்கோஸ் இல்லை. நூவெல் எக்கோஸ்."

"அப்பிடியெண்டா?"

"நோவா ஸ்கோஷா. இந்த நாட்டிலயே இருக்கிற மாகாணம். அங்கயும் ஒரு இன்வர்னெஸ் இருக்கு. இதுக்குப் பிளேனே தேவையில்லை, காரிலயே போகலாம்."

'புது' என்று அர்த்தம் வரும் அந்த 'நூவெல்' என்ற ஒரு சொல்லைப் புகைப்பொட்டு தின்றுவிட்டது. மயூரிக்குச் சிரிப்பு. "வடிவான இடம்தானம்மா, இதுக்கே போங்கோவன்," என்றாள்.

"உன்ர அப்பர் ஆசைப்பட்டது புது ஸ்கொட்லாந்துக்கில்லை!" என்று கத்தினேன். கத்திவிட்டு மேசையில் தலையை வைத்து அழுதேன். பாவம், பிள்ளை பயந்துபோய் அதை ரத்துச் செய்துவிட்டு, தேத்தண்ணி போட எழும்பினாள்.

நான் திரும்பவும் தேடத் தொடங்கினேன். சென் அன்ட்ரூஸில் இடமில்லை. டோர்னொக்கிலும் இல்லை. பிட்லொக்ரியில் ஆனியிலும் இல்லை, ஆடியிலும் இல்லை, ஆவணியிலும் இல்லை. நான் வேண்டாமென்று தள்ளிய ஊரெல்லாம் இப்போது என்னைத் தள்ளின. இந்தக் கோடையை விட்டால் எனக்கு வேறு எந்தக் கோடை? பிட்லொக்ரிக்கே திரும்பத் திரும்பப் போனேன். கடவுளே, ஒரே ஒரு அறை தா என்று வாய்விட்டே கேட்டேன்.

மயூரி கோப்பையை வைத்துவிட்டு என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா," என்றாள் மெதுவாக. "இதில ஏன் ரெண்டு பேர் எண்டு போட்டிருக்கிறீங்கள்?"

"ரெண்டு பேர்தானே போறம்," என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே அது கேட்டது. இன்வர்னெஸுக்கும் இரண்டு பேர் என்றுதான் போட்டிருந்தேன்.

இரண்டுக்குப் பக்கத்தில் ஒரு கழித்தல் குறி. "நான் அமத்தட்டே?" என்றாள். "விடு," என்றேன். செத்தவீட்டுக்கு எத்தனை பத்திரங்களில் கையெழுத்து வைத்தேன், ஒன்றுக்கும் என் கை இப்படிப் பின்வாங்கவில்லை. அதை அழுத்தினால் நீங்கள் இல்லையென்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். தேத்தண்ணி ஆறி ஆடை பிடிக்கும்வரை அப்படியே இருந்தேன். மயூரி என் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள்.

பிறகு அழுத்தினேன். இரண்டு, ஒன்று ஆனது.

பிட்லொக்ரியில் ஓர் அறை வந்தது. ஆடி மாதம், ஒன்பது நாள், ஒற்றைக் கட்டில். சன்னலால் மலை தெரியுமாம். கடல் இல்லை.

எடுத்துவிட்டேன். கோபமா?

பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அதோடேயே போவேன். உங்கள் தடிகளில் ஒன்றும் என்னோடு வரும். காலையில் அந்தப் பாதையில் நடப்பேன், தலையைச் சரித்து ஓரக்கண்ணாலேயே மலை முழுவதையும் பார்ப்பேன். பிறகு அந்தத் திடல்காரரைக் கெஞ்சி மன்றாடியாவது, உங்களுக்காக ஒரே ஒரு பந்து அடிப்பேன். இது சத்தியம்.

ஆனால் அது எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியப்போவதில்லை.

இஞ்சாருங்கோ, இந்த முறை அடிக்கிறது நான். பாக்கிறது நீங்கள்.

உங்கட,
இஞ்சாரும்