சவரிமுத்து அண்ணனின் மஞ்சள் துண்டு

ஜூன் 8, ஞாயிறு

சவரிமுத்து அண்ணன் போய் முப்பது நாளாகிவிட்டது. எங்கள் ராயப்பன்பட்டி ஃபுட்பால் டீமுக்குக் கடைசிவரை அவர்தான் மேனேஜர். அவர் நினைவாக இன்று பழைய ஆட்டக்காரர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து ஆடினோம். அவருடைய நாற்காலியில் அவர் மனைவியை, எங்கள் மதினியை, உட்கார வைத்து, அண்ணன் தோளில் எப்போதும் கிடந்த மஞ்சள் துண்டையும் கையில் கொடுத்தோம்.

அண்ணன் அந்தத் துண்டை வீசினால் ஓர் ஆள் வெளியே வர வேண்டும். பெரும்பாலும் அது நான்தான். பதினாறு வருடத்தில் ஒரு மேட்ச்கூட என்னை முழுதாக ஆட விட்டதில்லை. இன்றாவது ஆடி முடித்துவிட வேண்டும் என்று வைராக்கியமாக இறங்கினேன்.

இருபதாவது நிமிடம் மஞ்சள் துண்டு ஆடியது. என் கால் என்னைக் கேட்காமலே வெளியே நடந்தது.

"ஏலே, மேனேஜர் கூப்பிட்டாக, வெரசா வா!" என்று ரசிகர்கள் கத்தினார்கள். காலையில் கல்லறையில் அழுத அதே கூட்டம். அதற்குள் என் இடத்துக்கு ஒருவன் ஓடியும் விட்டான்.

மதினி திகைத்துப் போனார். "ஈயத்தான வெரட்டுனேன் தம்பி. நீங்க எதுக்கு வந்தீக?"

திரும்பிப் போகிறேன் என்றேன்.

"வேணாம், உக்காருங்க. அவுக இருந்தா பத்து நிமிசம் முன்னாடியே கூப்பிட்டிருப்பாக."

கல்லறையில் வராத அழுகை அப்போதுதான் வந்தது. மதினி துண்டை நீட்டினார். முகம் துடைக்க அதை ஓர் உதறு உதறினேன்.

கோல்கீப்பர் வெளியே வந்துவிட்டான்.