குளியலறைப் படையெடுப்பு

என் அக்கா பெற்ற ராஜகுமாரியே,

"நுரையீரல் கெட்டு, குளிக்கக்கூட முடியாத மனுஷன் ஒரகடத்தில் தனியாக எப்படி இருப்பார்? ஞாயிறன்று வந்து பெங்களூருக்கு அழைத்துப்போகிறேன்" என்று எழுதியிருந்தாய். கேள்: ஒன்பது மாதத்துக்குப் பிறகு இன்று உன் மாமன் தன் கையாலேயே குளித்தான்! சோப்பு வாசனை தண்டலம் வரை போயிருக்கும்.

இருபது வருஷம் கார் கம்பெனி அசெம்பிளி லைனில் நின்றவன் அல்லவா? பொருளைத் தேடி ஆள் அலையக்கூடாது என்பது அங்கே சட்டம். அதன்படி பிளாஸ்டிக் ஸ்டூல் என்னும் சிம்மாசனத்தில் அமர்ந்தேன். சோப்பு, சொம்பு, துண்டு எல்லாம் கையெட்டும் தூரத்தில். ஒவ்வொரு சொம்புக்கும் நடுவே ஓய்வு. இமயமலை ஏறுகிறவர்கள்கூட இத்தனை இடத்தில் தங்கியிருக்க மாட்டார்கள்.

இத்தனை நாள் எனக்குத் தண்ணீர் ஊற்றிய மாடிவீட்டு இசக்கியப்பன் கதவுக்கு வெளியே காவல் நின்றான்.

"மாமா, எனக்கு ஷிப்டு பஸ்ஸே போயிரும் போலுக்கே! இன்னும் முதுகு பாக்கியா?"

"ஓவர்டைம் போட்டுக்கினு நில்லுடா!"

சிரித்ததில் இரைத்துவிட்டது, பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்தேன். ஆனால் முதுகையும் நானேதான் தேய்த்தேன்.

ஆகவே ஞாயிறன்று விருந்தாளியாக வா. கதவை நானே திறப்பேன். பெல் அடித்துவிட்டுப் பயப்படாமல் நில், நான் வந்துகொண்டிருப்பேன்.

குளித்து மணக்கும்
உன் தாய்மாமன்