ஆலை பூட்டியிருந்த மாதங்கள்

விழுப்புரம்,
03.03.2025

தம்பி கோபிக்கும், இம்மடலை உன் தோளுக்குப் பின்னே நின்று படிக்கப்போகும் உன் மனைவி செண்பகத்துக்கும், ஆலையின் கணக்கர் துரைக்கண்ணு ஐயாவுக்கும் வணக்கம்!

என் முறையீட்டைக் கேளுங்கள். அப்பா நம் இருவருக்கும் சரிபாதியாக எழுதிவைத்த எண்ணெய் ஆலை நட்டத்தில் வீழ்ந்துவிட்டது என்கிறாய். என் பாதியை இரண்டு இலட்சம் ரூபாய்க்கு விட்டுக்கொடு என்கிறாய். நாடி பிடித்துப் பார்க்காமல் இறப்புச் சான்றிதழில் கையொப்பமிடச் சொல்கிறாயா? மூன்றாண்டு வரவுசெலவு ஏடு, வங்கி அறிக்கை, கொள்முதல் பட்டியல், எடைச்சீட்டு, கூலிப் பதிவேடு யாவற்றையும் அனுப்பு. பார்த்தபின் பேசுவோம்.

செண்பகத்தின் முதுகுவலி குறைந்ததா?

அன்பு அக்கா,
புனிதா

திண்டிவனம்,
09.03.2025

அக்காவுக்கு கோபி எழுதிக்கொண்டது.

கூட்டத்துல பேசற மாதிரியே லெட்டரும் போடற. படிச்சி முடிச்சதும் செண்பகம் கை தட்டினா. முதுகுவலி அப்படியேதான் இருக்குது.

துரைக்கண்ணு ஒரு பக்கத்துல கணக்கு போட்டுக் குடுத்தாரு, இத்தோட வச்சிருக்கேன். நவம்பர்லேர்ந்து ஜனவரி வரைக்கும் ஆட்டறதுக்கு மல்லாட்டை வரத்தே இல்ல. ஆலை பூட்டித்தான் கெடந்துச்சி. மத்த நோட்டெல்லாம் புயல் மழையில நனைஞ்சி கூழாயிடுச்சி. பேஜாரு பண்ணாத. உன் பங்கை வுட்டுக்குடுக்கற பத்திரத்துல பென்சில் புள்ளி வச்சிருக்கேன். வழக்கம்போல அந்த எடத்துல கையெழுத்து போட்டு ஜல்தியா அனுப்பு.

கோபி

விழுப்புரம்,
16.03.2025

தம்பிக்கு,

ஊராட்சிக் கணக்கைக் காட்டு, கூட்டுறவுக் கணக்கைக் காட்டு என்று ஊர்தோறும் மேடையேறி முழங்கியவள் நான். உன் பென்சில் புள்ளிகளின்மேல் மட்டும் மூன்றாண்டுகளாகப் படிக்காமலே கையொப்பமிட்டேன். அந்த வெட்கம் என்னுடையது. அதை நீ முதலாக்கிக்கொள்ள விடமாட்டேன்.

அப்பா மறைந்தபின் ஆலையின் மின் இணைப்பைப் பெயர்மாற்ற விண்ணப்பித்தவள் நான். பதிவானது என் கைப்பேசி எண். கட்டணக் குறுஞ்செய்திகள் இன்றுவரை எனக்கே வருகின்றன. நீ எண்ணை மாற்ற மறந்தாய், நான் படிக்க மறந்தேன். நேற்றுப் படித்தேன். ஆலை பூட்டிக் கிடந்ததாகச் சொல்லும் மூன்று மாதங்களில் ஒன்பதாயிரத்து நானூறு அலகுகள்! அத்தனை மின்சாரத்தையும் எலிகளா தின்றன?

கூட்டேரிப்பட்டில் இறங்கி, நம் ஆலையில் நிலக்கடலைப் பருப்புப் புடைக்கும் குப்பம்மாளைக் கண்டேன். "நஷ்டம்னு கூலியில நூறு ரூபா கொறைச்சிட்டாருங்க. ஆனா தீபாவளி முடிஞ்சி பொங்கல் வரைக்கும் எங்களை ஒக்கார வுடலியே! இடுப்பு ஒடிய வேலை வந்தா அதுக்குப் பேரு நஷ்டமாம்மா?" என்றார். உன்னிடம் விடை உண்டா?

புனிதா

திண்டிவனம்,
22.03.2025

அக்கா,

ஓட்டினேன். வெளி வியாபாரி பாண்டுரங்கனுக்குக் கூலிக்கு ஆட்டிக் குடுத்தேன். அந்தக் காசை என் பேர்ல போட்டுக்கினேன். போதுமா? நீ ஒரு நாளாவது வந்து புண்ணாக்கு மூட்டை பொரட்டினியா? உனக்கு மாசம் பொறந்தா வாத்தியார் சம்பளம். விடியறதுக்குள்ள மோட்டாரைப் போடறவன் நானு. இதுல பாதி உன்னுதுன்னா எப்படிக்கா நியாயம்?

அடுத்த மாசம் சேரனுக்குக் காது குத்தறோம். உன் கையெழுத்து வந்தா பத்திரிகை வரும். இல்லன்னா என் புள்ளைக்கு அத்தையே இல்லன்னு நெனைச்சிக்கறேன்.

கோபி

விழுப்புரம்,
27.03.2025

கோபி,

நீ உழைத்தாய், மறுக்கவில்லை. அந்த உழைப்புக்கு ஊதியம் கேட்டிருந்தால் முதல் ஆளாக ஒப்பியிருப்பேன். ஏட்டில் எழுதி எடுப்பது ஊதியம். எழுதாமல் எடுத்ததற்குப் பெயர் வேறு. அதை என் தம்பிக்குச் சொல்ல நாக்கு எழவில்லை.

பத்திரத்தைக் கையொப்பமின்றித் திருப்பி அனுப்பியுள்ளேன். சேரனுக்காக வாங்கிய பட்டுச் சட்டை அலமாரியில் இருக்கிறது. அழைப்பு வராவிட்டால் அங்கேயே இருக்கட்டும். பிள்ளையின் காதைக் காட்டி என் கையொப்பத்தை வாங்க முடியாது.

வரும் திங்கள் காலை பத்து மணிக்கு வெளித் தணிக்கையாளர் ஒருவருடன் வருகிறேன். கதவைத் திறந்து வை. நனைந்த ஏடுகளை நனைந்தபடியே மேசைமேல் வை. வங்கி அறிக்கைகள் மழையில் நனைவதில்லை, அவற்றையும் வை. ஆலையில் யாருக்கு எவ்வளவு என்று நாம் ஆண்டுக்கணக்கில் வழக்காடிக்கொள்ளலாம். குப்பம்மாளும் உடனிருக்கும் எட்டுப் பெண்களும் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அவர்களிடம் பிடித்த கூலி உன்னுடையதுமன்று, என்னுடையதுமன்று.

அதை இன்றே கொடு!

புனிதா