விஜி மைனியின் பெயரில் ஒரு பொய்

பிரியமுள்ள விஜி மைனிக்கு,

ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணன் மனைவியும் நாத்தனாருமாக ஒரே வீட்டிலிருந்து ஒரே ஆபீசுக்குப் போன நமக்குள் நடக்கிற பேச்சு இது. நீங்கள் போன பிறகு இதை யாரிடம் சொல்ல?

நடக்க வலுவில்லாத பிள்ளைகள் காலில் மாட்டிக்கொள்ளும் ஒரு பிளாஸ்டிக் தாங்கி வந்தது. அது உடையுமா என்று கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்ல வேண்டும். நம் வழக்கப்படி உருவத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்கு. குதிகாலுக்குப் பின்னால் தாங்கி சட்டென்று வளைகிறது. அங்கே கட்டம் பெரிதாக இருந்தால் வளைவு பட்டை பட்டையாகிவிடும். உண்மையான அழுத்தம் கண்ணில் படாது. வளைவு கூடக்கூடக் கட்டம் சிறுக்க வேண்டும் என்று நீங்கள் எத்தனை பேரிடம் மல்லுக்கு நின்றிருப்பீர்கள்!

நம் மேனேஜர் என்ன செய்தார் தெரியுமா? தட்டையான இடங்களில் மட்டும் கட்டங்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினார். வளைவைத் தொடவே இல்லை. பிறகு தாங்கி செய்யும் கோயம்புத்தூர்க்காரரை வீடியோவில் அழைத்து, தன் மலையாளத் தமிழில் சொன்னார்:

"நோக்குங்க சார், கட்டம் இரட்டியாக்கியும் பதில் மாறல்ல. அப்போ சரிதானே? இது எங்க மரிச்சுப்போன விஜி மேடத்தோட முறையாக்கும்."

அறையில் இருந்த எல்லோருக்கும் விஷயம் தெரியும். ஒருவர் போனைப் பார்த்தார். ஒருவர் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"இல்ல சார். அவங்க முறை இது இல்ல" என்றேன். அங்கேயே வளைவில் மட்டும் கட்டத்தைச் சிறிதாக்கிக் கணக்கை ஓட்டிக் காட்டினேன். அழுத்தம் ஏறியது. இன்னும் சிறிதாக்கினேன். பிளாஸ்டிக் தாங்கும் அளவைத் தாண்டிப் போய்விட்டது.

"வளைவைத் தடிமனாக்கி அனுப்பறோங்க. நீங்களே மறுபடியும் பாருங்க. அதுவரைக்கும் ஒண்ணுகூடச் செய்ய மாட்டோம்" என்றார் கோயம்புத்தூர்க்காரர்.

பிள்ளைகள் தப்பித்தார்கள். ஆனாலும் அருவருப்பு அடங்கவில்லை, மைனி. மதியம் பக்கத்து மேசைக்காரி வந்து, "எங்களுக்கும் தெரியும்டீ, வெறுதே எதுக்கு வம்புன்னு விட்டோம்" என்று சிரிக்கிறாள். மறுநாள் மேனேஜர் தானே என்னைச் சரிபார்க்கச் சொன்னதாக மேலே சொல்லி, பாராட்டும் வாங்கிக்கொண்டார். கைகுலுக்க என் பக்கமும் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

நேற்றுதான் அண்ணனிடம் சொன்னேன். "செத்தவ பேர எதுக்குளா இழுக்கான்?" என்றான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். கரமனை வீட்டில் இப்போது அவன் பேசுவதே அபூர்வம்.

நீங்கள் இருந்திருந்தால் கத்தியிருப்பீர்களா? வேலையை எறிந்துவிட்டு வந்திருப்பீர்களா?

நான் எறியவில்லை. தினமும் தம்பானூர் பஸ்ஸில் ஏறிப் போகிறேன். திருத்திய தாங்கி என் மேசைக்குத்தான் வரும். அதன் வளைவை நானே பார்ப்பேன். உங்கள் பெயரைச் சொல்லி இனி அந்த ஆபீசில் ஒருவரும் பொய் விற்க விடமாட்டேன். இது சத்தியம்.

சண்டை போடவும் ஆளில்லாமல் நிற்கும்
உங்கள் நாத்தனார்,
கோமதி