கை தூக்கினால் நிற்க வேண்டும்

எம்.கே.பி. நகர்,
ஞாயிற்றுக்கிழமை

என் பட்டாணிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் உன் பெண்டாட்டி மகிழினியும் உயிரோடு இருக்கிறோம். நலம், நலமறிய ஆவல் என்றுதான் பள்ளிக்கூடத்தில் எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். உன்னிடம் அதைக் கேட்க முடியாது. மழையில் உன் மேல் போட்ட மண் இறங்கிப் போயிருந்தது. காலையில் மூலக்கொத்தளம் இடுகாட்டுக்குப் போய் அதை மேடு தட்டிவிட்டுத்தான் வந்தேன்.

அஞ்சாவதோடு நின்றவளுக்கு இத்தனை பேப்பரா என்று நீ கிண்டல் பண்ணுவாய். உன் கம்பெனிக்காரன் பழக்கிவிட்டான். எதைக் கேட்டாலும் எழுதிக் கொடும்மா என்கிறான். கொடுத்தால் பதில் இல்லை. பதில் போடாதவனுக்கே இவ்வளவு எழுதினேன், உனக்கு ஒன்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

கிரேன் ஓட்டிய ராசையா வீட்டுக்கு வந்தான். கன்டெய்னர் பெட்டி மூலையில் கொக்கி எடுக்க நீ கீழே நின்றது தெரியாமல்தான் அடுத்த பெட்டியை இறக்கிவிட்டானாம். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான், உள்ளே வரவில்லை. "யக்கா, நான் கீழ பாக்கல. கம்ப்யூட்டர் தெரையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். அதுலதான் எந்தப் பெட்டிய எங்க வைக்கணும்னு வரும். அத விட்டுக் கண்ண எடுத்தா லேட்டாயிரும்" என்றான். மகிழினி அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கு அந்தச் சொம்பைப் பிடுங்கி வீசலாம் என்றுதான் இருந்தது. அவன் குடிக்காமலே அதை வாசப்படியில் வைத்ததைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

நம் நைனா ஹார்பரில் இருந்த காலத்தில் ஒரே சட்டம்தான். யார் கை தூக்கினாலும் கிரேன் நிற்கும். பாரம் தூக்குகிற கலாசியா, கிளார்க்கா என்று பார்க்க மாட்டார்கள். முதலில் நிறுத்து, அப்புறம் ஏன் என்று கேள். டீ விற்கிற அஜீசுன்னிசா காக்கா விரட்டக் கை தூக்கி, கப்பலில் இறங்கிக்கொண்டிருந்த இரும்பு அந்தரத்தில் நின்றதை நைனா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "ஆயா, காக்காவுக்கும் சேத்து டீ போட்டுக் குடு" என்று மேலேயிருந்து டிரைவர் கத்தினானாம். ஆனால் யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டினால் அடுத்த முறை நிஜமாகவே ஆபத்து வரும்போது கை தூக்க யோசிப்பாள், அதற்காக.

உன் யார்டில் கம்பெனிக்காரன் அந்தச் சட்டத்தைத்தான் எடுத்துவிட்டான். டிரைவர் தானாக நிறுத்தினால் கம்ப்யூட்டர் அவன் பேருக்கு நேராகச் சிவப்புக் கோடு போடுகிறதாம். கோடு சேர்ந்தால் வேலை இல்லை. இதை எவனோ கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து முடிவு பண்ணியிருக்கிறான். கொக்கி எடுக்கிறவனைக் கேட்டானா? கிரேன் ஓட்டுகிறவனைக் கேட்டானா? பெட்டிக்குக் கீழே நிற்காதவன், நிற்கிறவனுக்குச் சட்டம் போட்டிருக்கிறான்.

யூனியன் அமீர் என்னைக் கம்பெனிக்குக் கூட்டிப்போனான். மேனேஜர் நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் சொன்னான். நீ கை தூக்கிச் சைகை காட்டவில்லையாம். உன் அஜாக்கிரதைதானாம். உனக்கு எப்படித் தெரியும் என்று அவனைக் கேட்டேன். கிரேனில் கேமரா இருக்கிறதாம், எல்லாம் பதிவாகுமாம். அப்படியானால் போட்டுக் காட்டு, என் தம்பியை நான் பார்க்கிறேன் என்றேன். முடியாதாம். கம்ப்யூட்டரைச் செய்து கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனியிடம்தான் அதைத் திறக்கிற உரிமை இருக்கிறதாம். ஒப்பந்தமே அப்படித்தானாம். சைகை இல்லை என்று அங்கேயிருந்து ஒரு வரி வந்திருக்கிறது. அவ்வளவுதான். இவனும் படத்தைப் பார்க்கவில்லை, பட்டாணி. பார்க்காமலே உன்னைக் குற்றவாளி ஆக்கிவிட்டான்.

சரி, இனிமேலாவது கை தூக்கினால் கோடு விழாதபடி மாற்று என்று அமீர் கேட்டான். அதற்கும் அதே பதில். பூட்டும் அந்த வெளிநாட்டுக்காரனுடையது, சாவியும் அவனுடையது. நம் கடல், நம் மண், செத்தது நம் பிள்ளை, மிஷின் மட்டும் நம் பேச்சைக் கேட்காது.

உனக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி என்னம்மா தெரியும் என்று மேனேஜர் கேட்டுவிட்டான். எனக்கு வந்த கோபத்தில் எழுத்துத் தமிழ் எல்லாம் போய்விட்டது. "நான் காசிமேட்டுல எறா உரிக்கிறவ. எங்க ஷெட்டுல கம்ப்யூட்டர் தராசு வந்தப்போ அது எடை காட்டுற மூஞ்சி மொதலாளி பக்கம் பாத்துகினு இருந்துச்சு. எங்க பக்கம் திருப்புற வரிக்கும் கூடைய தொட மாட்டோம்னு குந்திகினோம். திருப்பி வச்சான். அவ்ளோதான் எனக்குத் தெரியும். நீயும் திருப்பு" என்றேன். வெளியே வந்ததும் அமீர், "இன்னாக்கா, என் வேலைய நீயே பாத்துட்டியே" என்றான்.

அதற்கப்புறம் நடந்ததை நீ இருந்து பார்த்திருக்க வேண்டும். திங்கட்கிழமை காலை ஷிப்டு ஆரம்பித்ததும் கீழே நின்றவர்கள் அத்தனை பேரும் கை தூக்கினார்கள். கேட்டுக்கு வெளியே எங்கள் ஷெட்டுப் பெண்களும் நானும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். முதலில் நின்றது ராசையாவின் கிரேன். திரையை விட்டு எழுந்து, கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தான். அப்புறம் ஒவ்வொன்றாக எல்லாம் நின்றன. லாரிகள் எண்ணூர் ரோடு முழுக்க வரிசை கட்டின. லாரிக்காரர்கள் எங்களைத் திட்டினார்கள், விஷயம் தெரிந்ததும் இறங்கிவந்து கூட நின்றார்கள்.

சாயங்காலம் மேனேஜர் இறங்கிவந்தான். இனி யார் கை தூக்கினாலும் நிறுத்தலாம், சிவப்புக் கோட்டைக் கணக்கில் எடுக்க மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். கூத்து என்ன தெரியுமா, கம்ப்யூட்டரில் அந்தக் கோட்டை அழிக்க இவனால் முடியாது. அது பாட்டுக்குப் போடுகிறது. இது செல்லாது, இது செல்லாது என்று தினமும் பேப்பரில் எழுத ஒரு ஆளை உட்காரவைத்திருக்கிறான். எஜமான் அங்கே, வேலைக்காரன் இங்கே. இதைச் சொன்னால் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய்.

எல்லாரும் ஜெயித்துவிட்டோம் என்கிறார்கள். எனக்கு ஜெயித்த மாதிரி இல்லை. மிஷினே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பாரம் தூக்கித் தூக்கி முதுகு ஒடிந்த நைனாவைப் பார்த்தவர்கள்தானே நாம். நம் ஆட்கள் திறந்து பார்க்கிற மாதிரி, நம் ஆட்கள் கூடிச் சொன்னால் மாறுகிற மாதிரி ஒரு மிஷின் கொண்டுவா என்கிறோம். அமீர் கோர்ட்டுக்குப் போகலாம் என்கிறான். போவேன். படத்தைத் திறக்கிறவரை விட மாட்டேன். உன் பேரில் இருக்கிற அந்த ஒரு வரி அழியணும்.

மகிழினி நீ சாகிற அந்தப் படத்தைப் பார்க்கவே வேண்டாம் என்கிறாள். அவள் முன்னால் இந்தப் பேச்சை எடுப்பதில்லை. ஆஸ்பத்திரியில் உன்னைத் துணியில் இறுகக் கட்டித்தான் கொடுத்தார்கள். கையை மட்டும் ஒரு தடவை காட்டுங்கள் என்று கெஞ்சினேன். வேண்டாம்மா, எடுத்துப் போங்கள் என்றுவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு வந்து மேட்டைச் சுற்றிக் கல் வைக்கிறேன். அதுவரை மழை உன்னைக் கரைக்காமல் இருக்கட்டும். சண்டையை அக்கா பார்த்துக்கொள்கிறேன், நீ நிம்மதியாகத் தூங்கு.

இப்படிக்கு,
உன் அக்கா
வேம்பு

இதை மட்டும் எனக்குச் சொல்லிவிடு, யாருக்கும் சொல்ல மாட்டேன். அன்றைக்கு நீ கை தூக்கினாயா, பட்டாணி?